தெருவுக்கு அடியில் எந்தக் குழாய்?

உள்விட்டம் 1.2 மீட்டர், சுவர்த் தடிமன் 120 மி.மீ. கொண்ட கான்கிரீட் குழாயை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு மீட்டர் நீளம் மட்டும் ஏறத்தாழ 1,240 கிலோ எடை இருக்கும். இரண்டரை மீட்டர் நீளத் துண்டு 3 டன்னைத் தாண்டிவிடும். கிரேன் இல்லாமல் அசைக்க முடியாது. ஆனால் இரு முனைகளையும் அடைத்து நீரில் இறக்கினால் அந்தக் குழாய் மிதக்கும். ஒரு மீட்டர் குழாய் ஒதுக்கித் தள்ளும் நீரின் எடை சுமார் 1,630 கிலோ. குழாயின் எடையைவிட அது 390 கிலோ அதிகம். ஆர்க்கிமிடீஸ் கணக்குக்குக் கான்கிரீட் என்றும் பிளாஸ்டிக் என்றும் வேறுபாடு கிடையாது.

மழைக்காலத்தில் தோண்டிய பள்ளத்தில் குழாயை வைத்து, முனையையும் அடைத்துவிட்டு, மண் தள்ளுவதற்கு முன்பே ஊற்று நீர் ஏறிவிட்டால் கான்கிரீட் வரிசைகூட இடம் பெயரலாம். அதே அளவுள்ள பாலிஎத்திலீன் குழாயின் நிலை இன்னும் இக்கட்டானது. அதன் எடை மீட்டருக்கு 50 கிலோ அளவில்தான் இருக்கும். அதை மேலே தள்ளும் விசையோ ஒன்றரை டன்னை நெருங்கும். மேலே போதிய மண் ஏறிய பிறகுதான் அது இருந்த இடத்தில் இருக்கும்.

மழைநீர் வடிகாலுக்குப் பெரிய குழாய் வாங்கும்போது பேச்சு பெரும்பாலும் எது வலுவானது, எது மலிவானது என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மிதவைக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. மண்ணுக்குள் போன பிறகு குழாய் தனியாக எதையும் தாங்குவதில்லை, தனியாக இடிவதும் இல்லை. கான்கிரீட்டோ, இரும்போ, பிளாஸ்டிக்கோ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு சேர்த்து ஒரு மண்ணையும், ஒரு பள்ளத்தையும், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று வேலையைப் பார்க்கும் ஒருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நூறாண்டுகளாகப் பொறியாளர்கள் அறிந்த உண்மை இது. விலைப்பட்டியலில் மட்டும் இதற்கு இடமில்லை.

முதலில் தண்ணீர். ஒரு தெருவுக்கு எவ்வளவு பெரிய குழாய் வேண்டும் என்பதற்கு இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் இரண்டு சூத்திரங்களில் ஒன்று 1889இல் அமெரிக்காவிலும் மற்றொன்று அதே ஆண்டில் அயர்லாந்திலும் முன்வைக்கப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரப் பொறியாளர் எமில் குய்ச்லிங், பெய்யும் மழையின் தீவிரத்தையும் நிலத்தின் பரப்பையும், அதில் எவ்வளவு பங்கு மண்ணில் இறங்காமல் ஓடிவரும் என்பதையும் பெருக்கி வெள்ளத்தின் அளவைச் சொன்னார். அயர்லாந்தில் தாமஸ் மல்வேனி 1850 வாக்கிலேயே இந்த எண்ணத்தை எட்டியிருந்தார். அதே அயர்லாந்தில் 1889 டிசம்பரில் ராபர்ட் மானிங் என்ற பொறியாளர், வாட்டமும் சுவரின் சொரசொரப்பும் நீரின் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார்.

இரண்டையும் ஒரு தெருவில் வைத்துப் பார்க்கலாம். பத்து ஹெக்டேர் பரப்பு. பெரும்பகுதி வீடுகளும் தார்ச்சாலையும். நூற்றுக்கு எண்பது பங்கு மழை ஓடி வருகிறது என்று கொள்வோம். மணிக்கு 50 மி.மீ. வீதம் மழை கொட்டினால் நொடிக்கு 1.1 கனமீட்டர் தண்ணீர் வடிகாலை வந்தடையும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் வாட்டத்தில் பதித்த 1.2 மீட்டர் கான்கிரீட் குழாய் முழுதாக நிறைந்து ஓடும்போது நொடிக்கு 1.23 கனமீட்டர் கொண்டுசெல்லும். போதும். அதே விட்டத்தில் நெளிதகட்டு இரும்புக் குழாயைப் போட்டால் 0.67 கனமீட்டர்தான் போகும். மீதித் தண்ணீர் தெருவில் நிற்கும்.

காரணம் சொரசொரப்பு. மானிங் சூத்திரத்தில் கான்கிரீட்டின் சொரசொரப்பு எண்ணை 0.013 என்று வைப்பது வழக்கம். நெளிதகட்டுக்கு அது 0.024. உலோகம் வழுவழுப்பானதுதான், ஆனால் வலுவுக்காக அதில் போட்ட நெளிவுகள் ஒவ்வொன்றும் நீரைச் சுழற்றி அதன் விசையைத் தின்கின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட 1.2 மீட்டருக்குப் பதில் 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். பள்ளமும் அதற்கேற்ப ஆழமாகும், அகலமாகும். வெளிப்புறம் நெளிந்தும் உட்புறம் வழவழப்பாகவும் இரட்டைச் சுவரோடு வரும் பாலிஎத்திலீன் குழாய்க்கு வடிவமைப்பில் 0.012 வைக்கிறார்கள், அது கான்கிரீட்டைவிடச் சற்றே மேல். புதுக்குழாயில் அளந்தால் இன்னும் குறைவாகவே வரும். ஆனால் சேறும் சகதியும் படிந்த பத்தாம் ஆண்டில் அந்த வழவழப்பில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கத் தெரிந்த வடிவமைப்பாளர் விளம்பர எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது மண். குழாய்ப் பொறியியலின் சுவையான பகுதி இங்குதான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகள் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிக்கொண்டிருந்தார்கள். சுட்ட களிமண் குழாய்களும் சிமெண்ட் குழாய்களும் வயலுக்கு அடியில் புதைக்கப்பட்டன. விட்டம் பெரிதாகப் பெரிதாகக் குழாய்கள் விரிசல் விட்டன. எவ்வளவு சுமை மேலே வருகிறது என்று யாருக்கும் கணக்கிடத் தெரியவில்லை. ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா மாநிலக் கல்லூரியின் பொறியியல் துறைத் தலைவர் ஆன்சன் மார்ஸ்டன் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். ஆண்டர்சன் என்ற உடனாய்வாளரோடு சேர்ந்து 1913இல் அவர் வெளியிட்ட அறிக்கைதான், புதைத்த குழாயின் மீது மண் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்பதற்கு இன்றுவரை அடித்தளம்.

மார்ஸ்டன் கண்டது இது. பள்ளத்தில் நிரப்பிய புதுமண் நாளடைவில் கீழே இறங்கும். பள்ளத்தின் பக்கச் சுவரோ அசையாத பழைய மண். இரண்டும் உரசும் இடத்தில் உராய்வு எழுந்து, நிரப்பிய மண்ணின் எடையில் ஒரு பங்கைப் பக்கச் சுவர் தாங்கிக்கொள்கிறது. எனவே குறுகிய பள்ளத்தில் குழாயின் மேல் விழும் சுமை, மேலே உள்ள மண்ணின் முழு எடையைவிடக் குறைவு. பள்ளம் அகலமானால் உராய்வின் பங்கு குறைந்து சுமை ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிவிடும். கான்கிரீட் போன்ற வளையாத குழாய் நடுவில் விறைப்பாக நிற்கும். அதன் இருபுறமும் உள்ள மண் கூடுதலாக அமுங்கி, போகிற போக்கில் நடு மண்ணையும் கீழே இழுக்கும். அப்போது குழாய் தனக்கு நேர் மேலே இருக்கும் மண்ணைவிட அதிகமான எடையைச் சுமக்கிறது.

ஜேசிபி ஓட்டுநர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வாளியை இரண்டடி தள்ளிப் போட்டு அகலமாக வாரிவிட்டால், வரைபடத்தில் இருந்த குழாயின் மீது வரைபடத்தில் இல்லாத சுமை ஏறிவிடுகிறது. இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது, மாலைக்குள் மண் மூடிவிடும்.

வளையாத குழாயின் வலுவை அளக்கும் முறையும் மார்ஸ்டன் காலத்திலிருந்தே வருகிறது. குழாயை இரண்டு பட்டைகளின் மேல் கிடத்தி, உச்சியில் ஒரே கோட்டில் அழுத்துவார்கள். இந்தியத் தர நிர்ணயம் 458இன்படி, விரிசலின் அகலம் 0.25 மி.மீ. ஆகும்போது உள்ள சுமையைக் குறித்துக்கொள்வார்கள். நம் ஊர்க் கடைகளில் என்.பி.2, என்.பி.3, என்.பி.4 என்று விற்கும் வகைகள் இந்தத் தரத்தில் வருபவை. என்.பி. என்பது அழுத்தமில்லாமல் நீர் ஓடும் குழாயைக் குறிக்கும்; எண் ஏற ஏற சுமை தாங்கும் திறன் ஏறும். இலேசான போக்குவரத்துக்கு 2, நடுத்தரப் போக்குவரத்துக்கு 3, ரயில் பாதை போன்ற கனத்த சுமைக்கு 4.

ஆனால் ஒரே என்.பி.3 குழாய் இரண்டு தெருக்களில் இரண்டு விதமாகத் தாங்கும். பள்ளத்தின் தட்டையான கட்டாந்தரையில் வெறுமனே வைத்தால், சோதனைச் சாலையில் தாங்கியதைப் போல 1.1 மடங்கு தாங்கும். அடியில் வளைவுக்கேற்பக் குடைந்து உட்கார வைத்தால் 1.5 மடங்கு. பாதி உயரம்வரை சரளையோ ஜல்லியோ போட்டு இறுக்கினால் 1.9 மடங்கு. தலைச் சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படியே குழாய்க்கு இந்தப் படுக்கை: எடை குறைவதில்லை, ஒரே புள்ளியில் குத்தாமல் பரவுகிறது. சில லோடு ஜல்லி, குழாயின் வலுவை முக்கால் பங்கு கூட்டிக் கொடுக்கிறது. ஒரு வகை மேலே போய் விலையுயர்ந்த குழாய் வாங்குவதைவிட இது பல இடங்களில் மலிவு. மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே என்பது வருத்தத்துக்குரியது.

வளையும் குழாய்களின் கதை வேறு. நெளிதகட்டுக் குழாய் 1896இல் இந்தியானா மாநிலத்தின் க்ராஃபோர்ட்ஸ்வில்லில் காப்புரிமை பெற்றது. இரண்டு பட்டைகளின் மேல் வைத்து அழுத்தினால் அது எளிதில் நசுங்கிவிடும். மண்ணுக்குள்ளோ பல மீட்டர் உயர மண்மேட்டைத் தாங்கி நின்றது. இந்த முரண்பாட்டை விடுவித்தவர் மார்ஸ்டனின் கீழ் பணியாற்றிய மெர்லின் ஸ்பேங்ளர். மேலிருந்து சுமை வரும்போது வளையும் குழாய் சற்றே தட்டையாகும். தட்டையாகும்போது பக்கவாட்டில் விரியும். விரியும் பக்கங்களை அருகிலுள்ள மண் எதிர்த்துத் தள்ளும். அந்த எதிர்ப்புதான் குழாயைக் காக்கிறது. குழாய் அமுங்குவதால் நடுவில் இருக்கும் மண்ணின் சுமையும் இருபுறத்து மண்ணுக்கு ஓரளவு மாறிப் போய்விடும். 1941இல் ஸ்பேங்ளர் தந்த அயோவா சூத்திரம், பின்னர் 1958இல் ரெனால்ட் வாட்கின்ஸோடு சேர்ந்து திருத்திய வடிவில் இன்றும் பயன்படுகிறது.

அந்தச் சூத்திரத்தில் கீழே இரண்டு எண்கள் கூட்டப்படுகின்றன. ஒன்று குழாயின் விறைப்பு, மற்றொன்று மண்ணின் விறைப்பு. 1.2 மீட்டர் பாலிஎத்திலீன் குழாய்க்கு அமெரிக்கத் தரம் கேட்கும் குறைந்தபட்ச விறைப்பையும், நன்கு இறுக்கிய சரளை மண்ணையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டுத்தொகையில் மண்ணின் பங்கு 95 விழுக்காட்டுக்கும் மேல். காசு கொடுத்து வாங்கிய குழாயின் பங்கு ஐந்துக்கும் கீழ்!

இரண்டு மீட்டர் மண் மூடிய அந்தக் குழாய், நல்ல சரளையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கியிருந்தால் 15 மி.மீ. அளவுக்குத் தட்டையாகும். யாருக்கும் தெரியாது, எதுவும் ஆகாது. தோண்டியெடுத்த களிமண்ணையே அப்படியே தள்ளி மூடியிருந்தால் சூத்திரம் காட்டும் எண் 160 மி.மீ.க்கு மேல். பொதுவாக ஏற்கும் எல்லை விட்டத்தில் 5 விழுக்காடு, அதாவது 60 மி.மீ. அதே ஆலை, அதே குழாய், அதே விலை. நடத்தை மட்டும் பத்து மடங்குக்கு மேல் மாறுகிறது. குறிப்பாக, குழாயின் இடுப்புக்குக் கீழே அடிப்பக்கம் வளைந்து போகும் இடத்தில் மண் தானாகப் போய்ச் சேராது. ஆள் குனிந்து கம்பியாலோ திமிசுக் கட்டையாலோ குத்தி நிரப்ப வேண்டும். அந்த வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால் மேலே எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் ஈடாகாது.

இந்த ஒப்பீட்டைப் பார்த்ததும் பிளாஸ்டிக் மோசமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதன் நன்மைகள் உண்மையானவை. எடை குறைவு என்பதால் குறுகிய தெருவில் சிறிய இயந்திரமே போதும். ஆறு மீட்டர் நீளத்தில் வருவதால் இணைப்புகள் குறைவு. உப்பும் அமிலமும் அதை அரிப்பதில்லை. கறுப்பு நிறம் தரும் கார்பன் தூள் வெயிலிலிருந்து காக்கிறது. பலவீனங்களும் உண்மையானவை. நீண்ட காலச் சுமையில் பாலிஎத்திலீன் மெல்ல மெல்ல இளகும். வடிவமைப்பில் அதன் ஐம்பதாண்டு விறைப்பைத் தொடக்க விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்றே வைக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் புதைத்த குழாய்களைத் தோண்டியும் உள்ளே நுழைந்தும் பார்த்தபோது சிலவற்றில் மெதுவாக வளரும் விரிசல்கள் தெரிந்தன. அதன் பிறகு மூலப்பிசினுக்கே விரிசல் சோதனை கட்டாயமானது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைக் கலந்து மலிவாக விற்கும் குழாயை வாங்குவோர் இந்தச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

தீயும் உண்டு. 2017 மார்ச் 30 அன்று அட்லாண்டாவில் ஐ-85 நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் அடுக்கி வைத்திருந்த பாலிஎத்திலீன் குழாய்ச் சுருள்கள் தீப்பிடித்து, மேலே இருந்த கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. அவை கம்பிவடக் குழாய்கள், வடிகால் குழாய்கள் அல்ல, உயிரிழப்பும் இல்லை. ஆனால் பொருள் ஒன்றே. மண்ணுக்குள் இருக்கும்போது ஆபத்து குறைவு. வெளியே தெரியும் குழாய் முனையில் குப்பை எரிக்கும் வழக்கமுள்ள ஊரில் அந்த முனையைக் கான்கிரீட்டில் முடிப்பதே சரி.

இரும்புக் குழாயின் எதிரி துரு. அதுவும் அடிப்பாகத்தில்தான் முதலில் வரும். எப்போதும் சிறிது நீர் தேங்கும் இடம் அது. மணலும் கல்லும் உருண்டு துத்தநாகப் பூச்சைத் தேய்க்கும் இடமும் அதுதான். அடிப்பாகம் ஓட்டையானதும் நீர் வெளியே போய் மண்ணை அரிக்கும், மண் உள்ளே வரும், மேலே சாலைக்கு அடியில் வெற்றிடம் வளரும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரம் பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த நெளிதகட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து இடிவதால் அவற்றை மாற்றும் பெருஞ்செலவில் சிக்கியிருக்கிறது. கலிஃபோர்னிய நெடுஞ்சாலைத் துறையே மண்ணின் அமில-காரத் தன்மையையும் மின்தடையையும் அளந்து, எத்தனை ஆண்டில் தகடு ஓட்டையாகும் என்று முன்கூட்டிக் கணிக்கும் சோதனை முறையை வகுத்தது. உப்பு மண்ணில் மின்தடை குறைவு. அங்கே துரு விரையும். கடற்கரை ஊர்களில் வெறும் துத்தநாகப் பூச்சோடு இரும்புக் குழாயைப் புதைப்பதற்கு நியாயமே இல்லை.

கான்கிரீட் குழாயின் பெயரிலேயே ஒரு கண்டுபிடிப்பாளர் இருக்கிறார். நம் ஊரில் ஹியூம் பைப் என்று அழைப்பது, ஆஸ்திரேலியாவின் வால்டர் ஹியூம் 1910இல் காப்புரிமை பெற்ற முறையில் வார்ப்பது. அச்சை வேகமாகச் சுழற்றினால் கனமான ஜல்லியும் மணலும் வெளிப்புறம் தள்ளப்பட்டு இறுகும், உபரி நீர் உட்புறமாகப் பிதுங்கி வெளியேறும். கிடைப்பது அடர்த்தியான, நீர் ஊடுருவாத சுவர். 1926இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய நிறுவனம் அதை இந்தியாவில் பரப்பியது. கிராமச் சாலையில் ஓடை குறுக்கிடும் இடமெல்லாம் இன்று இந்தக் குழாய்தான்.

அதன் பலவீனம் சுவரில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. இரண்டரை மீட்டருக்கு ஓர் இணைப்பு என்றால் ஒரு கிலோமீட்டரில் 400 இணைப்புகள். காலர் மாட்டிச் சிமெண்ட் கலவை பூசும் பழைய முறையில், ஒரு குழாய் சிறிதே அமர்ந்தாலும் கலவை பிளந்துவிடும். மணற்பாங்கான இடத்தில் நிலத்தடி நீர் அந்தப் பிளவின் வழியே மணலை அரித்து உள்ளே கொண்டுவரும். குழாய் முழுசாக இருக்கும், சாலை மட்டும் ஒரு நாள் உள்வாங்கும். ரப்பர் வளையம் பொருத்திய இணைப்பு சற்றே அசைந்து கொடுத்து நீரைத் தடுக்கும். விலை வேறுபாடு குழாயின் மொத்தச் செலவில் சிறு பங்கு. அதை மிச்சப்படுத்துவதில் பொருளே இல்லை.

கான்கிரீட்டை உள்ளிருந்து தின்னும் எதிரி ஒன்றும் உண்டு. கழிவுநீர்க் குழாய்களில் காற்றில்லாத சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஈரச் சுவரில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமெண்டை ஜிப்சக் கூழாக்கும். 1945இல் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாக்களின் பங்கை நிறுவினார். 2025 ஜனவரி 28 அன்று ஜப்பானின் சைத்தாமா மாநிலத்து யாஷியோ நகரச் சந்திப்பில் சாலை திடீரென உள்வாங்கி ஒரு லாரியை விழுங்கியது. அடியில் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் 4.75 மீட்டர் உள்விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் ஓடியது, 1983இல் போடப்பட்டது. இந்த அமில அரிப்பே குழாய் சிதைந்ததற்குக் காரணமாகக் கருதப்பட்டது. பன்னிரண்டு லட்சம் பேரிடம் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். ஓட்டுநரின் உடலை மீட்கவே மாதக்கணக்கானது.

அது கழிவுநீர்க் குழாய். மழைநீர் வடிகாலுக்கு இந்த ஆபத்து வரக் கூடாதுதான். ஆனால் நம் நகரங்களில் மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைப்பது வழக்கமாகிவிட்டது. ஆண்டில் பத்து மாதம் சாக்கடையும் இரண்டு மாதம் மழையும் ஓடும் குழாயை மழைநீர்க் குழாய் என்று எண்ணி வடிவமைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். அது முடியும்வரை, உட்பூச்சோ அமிலம் தாங்கும் பொருளோ உள்ள குழாயைத்தான் அங்கே போட வேண்டும்.

சென்னையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று புரியும். மாநகராட்சியின் மழைநீர் வடிகால்களில் பெரும்பகுதி வட்டக் குழாய்களே அல்ல; சாலையோரம் ஓடும் செவ்வகக் கான்கிரீட் பெட்டிகள். இதற்குப் பொறியியல் நியாயம் இருக்கிறது. 1.2 மீட்டர் குழாயின் வெளிவிட்டம் 1.44 மீட்டர். அதன் மேல் வண்டிச் சக்கரத்தின் சுமையைப் பரப்ப ஒரு மீட்டர் அளவுக்காவது மண் வேண்டும் என்றால் இரண்டரை மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். சக்கரச் சுமை ஆழம் இரட்டித்தால் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் அந்த மண்ணைத் தவிர்க்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த தட்டையான ஊரில் அவ்வளவு ஆழத்தில் குழாயை வைத்தால், கடைசியில் கூவத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ சேரும் முனை ஆற்றின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். கடலில் ஏற்றம் வரும்போது நீர் பின்னோக்கித் தள்ளும். பெட்டி வடிகாலின் மூடியே நடைபாதையாகிவிடும். ஆழம் மிச்சம், மூடியைத் தூக்கித் தூர்வாரவும் முடியும்.

ஆனால் பெட்டியிலும் வாட்டம் விதியைத் தளர்த்தாது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், மூவாயிரத்துக்கு ஒன்று என்றானால் 0.63 மீட்டராகக் குறையும். மணலை அடித்துச் செல்ல ஏறத்தாழ அந்த வேகமாவது வேண்டும். சிறிது குறைந்தாலும் மணல் தங்கிவிடும். ஓரிடத்தில் அடித்தளம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டால் அங்கே ஆண்டு முழுவதும் நீர் தேங்கும், கொசு பெருகும். எந்தப் பொருளைப் போட்டாலும் மட்டம் பார்ப்பவரின் கண்ணுக்கு மாற்று கிடையாது.

நமக்குப் பாடம் தரக்கூடிய இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். தட்டையான நிலம், மணல், உயர்ந்த நிலத்தடி நீர், உப்புக் காற்று, புயல் மழை எல்லாம் அங்கும் உண்டு. அங்கே நெடுஞ்சாலைத் துறை கான்கிரீட்டா, பிளாஸ்டிக்கா, உலோகமா என்று முன்கூட்டியே பக்கம் எடுப்பதில்லை. அந்தந்த இடத்து மண்ணின் அமிலத்தன்மை, மின்தடை, குளோரைடு, சல்பேட் ஆகியவற்றை அளந்து, எந்தப் பொருள் வேண்டிய ஆயுளைத் தரும் என்று கணித்துத் தேர்ந்தெடுக்கிறது. முக்கியச் சாலைகளின் அடியில் போகும் குழாய்க்கு நூறாண்டு ஆயுள் கேட்கிறது. குழாயைப் பதித்து மூடிய பிறகும் விடுவதில்லை. உள்ளே கேமராவை உருட்டி, இணைப்புகளின் இடைவெளியையும் விரிசலையும் பார்த்து, வளையும் குழாய் எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று லேசரால் அளந்த பிறகே ஏற்றுக்கொள்கிறது. மண் அமர்வதற்கு ஒரு மாதம் விட்டுவிட்டு அளப்பது அமெரிக்காவில் பரவலான வழக்கம்.

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. இந்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் 2019இல் மழைநீர் வடிகாலுக்கென்றே தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. தர நிர்ணயங்கள் இருக்கின்றன, கேமராக்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இல்லாதது, பள்ளம் மூடுவதற்கு முன் ஒருமுறையும் மூடிய பின் ஒருமுறையும் பார்த்தாக வேண்டும் என்ற கண்டிப்பு. பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்யும் தொழிலாளிக்கும் அதில்தான் பாதுகாப்பு: நீர் இறைக்காத, பக்கம் சரியும் பள்ளத்தில் நல்ல படுக்கையும் அமையாது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

ஆகவே உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு கோரிக்கை. மழைநீர் வடிகாலுக்கான ஒப்பந்தத்தில் குழாயின் பெயரையும் விட்டத்தையும் எழுதுவதோடு நிறுத்தாமல், அடியில் போடும் படுக்கை, பக்கத்தில் நிரப்பும் மண், அதை எத்தனை அடுக்காக இறுக்க வேண்டும், இணைப்பு எந்த வகை என்பதையும் தனித்தனி விலையோடு எழுதுங்கள். மூடி ஒரு மாதம் கழித்து எடுத்த கேமராப் பதிவைப் பார்த்த பிறகே கடைசிப் பட்டியலுக்குப் பணம் கொடுங்கள். அந்தப் பதிவைத் தெருப் பெயரோடு மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

வாசகர்களும் பார்க்கலாம். தெருவில் வடிகால் வேலை நடக்கும்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா, குழாய் ஜல்லியின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, பக்கத்தில் போடும் மண்ணை அடுக்கடுக்காகக் குத்துகிறார்களா, அல்லது ஒரே தள்ளாகத் தள்ளி மூடுகிறார்களா என்று கவனியுங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால், மாலைக்குள் வார்டு உறுப்பினரையோ உதவிப் பொறியாளரையோ அழைத்துக் கேளுங்கள். மறுநாள் காலையில் கேட்டால் காட்டுவதற்குப் பள்ளம் இருக்காது.